‘ரன்’ ஓடுற இடமும் ஓடாத இடமும்

குவிஸ் போட்டிக்கு போறவங்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடமாவே இருக்கும், இங்கிலீஷ்ல அதிக அர்த்தம் உள்ள வார்த்தை எது? பதில், ‘செட்’. ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்ஷனரி முதல் பதிப்பு 1928-ல முடிஞ்சப்பவும் அதுலயே நீளமான பதிவு ‘செட்’ தான், 1989-ல வந்த ரெண்டாவது பதிப்புலயும் அதே தான். 430 அர்த்தம், அந்த ஒத்த வார்த்தைய விளக்கவே கிட்டத்தட்ட 60,000 வார்த்தை. அப்புறம் 2011-ல திடீர்னு ஒரு செய்தி, சாம்பியன் மாறிட்டாரு, புது சாம்பியன் ‘ரன்’. வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதி ஆசிரியர், அந்த ஒத்த சொல்ல பிரிச்சு மேய அவருக்கு 9 மாசம் ஆச்சாம்.

இந்தப் போட்டியில கொஞ்சம் போங்காட்டம் இருக்கு. மூணாவது பதிப்புக்கான வேலைய அவங்க 2000-ல M எழுத்துல இருந்து வெளியிட ஆரம்பிச்சு R வரைக்கும் வரிசையா வந்தாங்க, அதனால ‘மேக்’, ‘புட்’, ‘ரன்’ எல்லாம் புதுசா தூசி தட்டி, இன்டர்நெட் காலத்து உதாரணம் எல்லாம் சேத்து வீங்கிடுச்சு, ‘செட்’ மட்டும் பழைய அளவுலயே வரிசையில நின்னுட்டு இருந்துச்சு. ஒருத்தர் புது வெயிட் மெஷின்ல ஏறி நிக்கிறாரு, இன்னொருத்தருக்கு 1989 கணக்கு. அதனால இந்த சாம்பியன் பட்டத்த நான் பெருசா எடுத்துக்கறதில்ல.

எனக்கு சுவாரஸ்யமா படறது வேற. ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் எழுதறவங்க 645-ன்னு சொல்லி பயமுறுத்துவாங்க, கீழ ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுன்னு விட்டுடுவாங்க. ஆனா தமிழ் பேசறவனுக்கு இதுல பாதி ஏற்கனவே தெரியும், ஏன்னா நம்ம ‘ஓடு’வும் சும்மா கால்ல ஓடுற சொல் இல்ல. மோட்டார் ஓடுது, ஃபேன் ஓடுது, படம் ஓடுது, மீட்டர் ஓடுது, மனசுக்குள்ள என்னமோ ஓடுது, அவருக்கு அம்பது வயசு ஓடுது, கடை ஓடல, பொழுது ஓடல, நாள் ஓடியே போச்சு. அம்மா கிச்சன்ல இருந்து “ஓடிப்போய் ஒரு தேங்கா வாங்கிட்டு வாடா”ன்னு சொன்னா பையன் சைக்கிள்ல தான் போவான், அவன் ஓடலன்னு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. இங்கிலீஷ்காரனும் கடைக்கு போற வேலைக்கு ‘ரன் அன் எரண்ட்’னு தான் சொல்றான். வேற வேற குடும்பத்துல பொறந்த ரெண்டு மொழி, ஒண்ணுக்கொண்ணு சொல்லி வெச்ச மாதிரி ஒரே சொல்ல ஒரே வேலைக்கு அனுப்புது.

இதுல மெஷினோட பங்கு பெருசு. ‘ரன்’ ஏன் இவ்ளோ வீங்குச்சுன்னு கேட்டா எல்லாரும் கை காட்டறது தொழிற்புரட்சி பக்கம் தான். நீராவி இன்ஜின் வந்துச்சு, ரயில் வந்துச்சு, மில்லு, கடிகாரம், குழாய்த் தண்ணி, கரண்ட்டுன்னு ஒவ்வொண்ணா வந்தப்ப அதெல்லாம் என்ன பண்ணுதுன்னு சொல்ல ஒரு வினைச்சொல் வேணும்ல, ‘ரன்’ கைக்கு கிடைச்சுது. நம்ம பக்கமும் அப்படியே தான். சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் போனா “தறி ஓடுதா?”ன்னு கேக்கறது தான் குசல விசாரிப்பு, தறி ஓடலன்னா வீட்ல அடுப்பு எரியலன்னு அர்த்தம். கோயமுத்தூர்ல மில்லு ஓடாத காலத்த பத்தி பெரியவங்க இன்னும் பேசுவாங்க. தறியும் மில்லும் நட்டு வெச்ச இடத்துல தான் இருக்கு, ஒரு அடி நகராது, ஆனாலும் ஓடுது. கடைசியா கம்ப்யூட்டர். 1964-ல அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல ‘பேசிக்’ங்கற கம்ப்யூட்டர் மொழிய உருவாக்கினவங்க, எழுதின புரோகிராம வேலை செய்ய வைக்க ‘ரன்’னு டைப் பண்ண சொன்னாங்க, பின்னாடி நம்ம ஊர் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் வரைக்கும் அது வந்துச்சு. இப்ப “இந்த கேம் உன் போன்ல ஓடுமா?”ன்னு கேக்கற பையனுக்கு அது இங்கிலீஷ்ல இருந்து வந்த நடைன்னே தோணாது.

கொஞ்சம் பின்னாடி போவோம், இங்க தான் எனக்கு பிடிச்ச விஷயம் இருக்கு. பழைய இங்கிலீஷ்ல இது ஒரு சொல்லே இல்ல, ரெண்டு. தானா ஓடறதுக்கு ஒண்ணு, அடுத்தத ஓட வைக்கறதுக்கு ஒண்ணு. தானா ஓடறது ‘ரின்னன்’, அதையே எழுத்து இடம் மாறி ‘இர்னன்’னும் சொல்லுவாங்க, நம்ம கிராமத்துல மதுரைய மருதைன்னு சொல்ற மாதிரி. ஓட வைக்கறது, அதாவது குதிரைய விரட்டி ஓட்டறது, ‘ஆர்னன்’. ஜெர்மன்ல இன்னைக்கும் ரெண்டு சொல் தனித்தனியா இருக்கு, ‘ரின்னென்’னா தண்ணி வழிஞ்சு ஓடறது, ‘ரென்னென்’னா கால்ல ஓடறது. இங்கிலீஷ்ல காலப்போக்குல ரெண்டும் ஒரே சொல்லா கலந்துடுச்சு. அதனால தான் ‘தி பஸ் ரன்ஸ்’னாலும் ‘ரன்’, ‘ஹீ ரன்ஸ் எ பஸ்’னாலும் ‘ரன்’.

தமிழ் இத கலக்கவே விடல. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருளு, உருட்டு. திரும்பு, திருப்பு. தானா நடந்தா மெல்லினமோ ஒத்தை எழுத்தோ, ஒருத்தர் பண்ண வெச்சா வல்லினம் இரட்டிச்சு அழுத்தமா நிக்கும், நாலு வயசு குழந்தை கூட தப்பில்லாம சொல்லும். இங்கிலீஷ்லயும் இந்த மாதிரி ஜோடி அங்கங்க மிச்சம் இருக்கு, ‘ஃபால்’னா விழறது ‘ஃபெல்’னா மரத்த வெட்டி வீழ்த்தறது, ‘லை’னா படுக்கறது ‘லே’னா கிடத்தறது. அந்த பழைய சாம்பியன் ‘செட்’ இருக்கே, அது வேற யாரும் இல்ல, ‘சிட்’டோட ஜோடி தான், உக்கார வைக்கறது. ஆக ஒரு சாம்பியன் உக்கார வெச்சு ஜெயிச்சுது, அடுத்தது ஓட்டறதையும் சேத்து முழுங்கி ஜெயிச்சுது.

அதே மூச்சுல இன்னொண்ணு சொல்லிடறேன். ‘ரன், ரேன், ரன்’ - இதுல மூணாவது ஏன் முதல் மாதிரியே இருக்கு, ‘ஐ ஹேவ் ரேன்’னு ஏன் வரக்கூடாதுன்னு டியூஷன் பசங்க கேப்பாங்க. ‘சிங், சேங், சங்’ நினைச்சுக்கங்க. அந்த கணக்குப்படி இது ‘ரின், ரேன், ரன்’னு தான் இருக்கணும். ஸ்காட்லாந்து பேச்சுல இன்னும் ‘ரின்’ உயிரோட இருக்கு. இங்கிலீஷ்ல மூணாவது வடிவத்தோட உயிரெழுத்து முன்னாடி வந்து முதல் நாற்காலிய பிடிச்சுக்கிச்சு, அவ்ளோ தான் கதை. இத கேட்ட பையன் அடுத்த தடவ ‘ஹேவ் ரேன்’னு எழுதி நான் பாக்கல.

சரி, ஆறு ஓடுது, ரத்தம் ஓடுது, இதெல்லாம் ரெண்டு மொழிக்கும் ஒத்துப்போகுது, ‘ரின்னன்’லயே தண்ணி ஓடற அர்த்தம் இருந்துச்சு. ஆனா மூக்கு? இங்கிலீஷ்காரனுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். இங்கிலீஷ்ல ஒரு பழைய கடி ஜோக் இருக்கு, மனுஷன படைச்சதுல ஏதோ கோளாறு, மூக்கு ஓடுது, கால் மோப்பம் பிடிக்குதுன்னு (‘ஸ்மெல்’னா மோப்பம் பிடிக்கறதும் தான், நாறுறதும் தான்). தமிழ்ல இத சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, ஒழுகறதும் நாறுறதும் நமக்கு அதது இடத்துல சரியா தான் நடக்குது.

நோய் விஷயத்துலயும் இப்படி தான். சுகர் அவங்க ஃபேமிலியில ‘ரன்’ ஆகும், நம்ம பரம்பரையில ‘வரும்’. பால் தீந்துபோச்சுங்கறத அவங்க பாலை விட்டு நாம ஓடி வெளிய வந்துட்ட மாதிரி ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ம்பாங்க, நம்மாளு ‘மில்க் காட் ஓவர்’னு முடிச்சுடுவான், ரன் அவுட்ட அவன் கிரிக்கெட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டான்.

தமிழ் ஓட மாட்டேன்னு அடம் பிடிக்கற பெரிய இடம் எலெக்ஷன். அமெரிக்காவுல வேட்பாளர் ‘ரன்’ பண்றாரு, பிரிட்டன்ல ‘ஸ்டாண்ட்’ பண்றாரு, நம்ம ஊர்ல நிக்கிறாரு. “எந்தத் தொகுதியில நிக்கிறாரு?”ன்னு தான் கேப்போம், மனுஷன் தெருத் தெருவா ஓடி கும்பிடு போட்டு வேர்த்து கொட்டினாலும் அவர் நிக்கிறாரு தான். எனக்கு அமெரிக்க நடையில தான் நேர்மை ஜாஸ்தின்னு படுது. அவங்களுக்கு எலெக்ஷன் ஒரு பந்தயம், அதனால தான் துணை அதிபர் வேட்பாளர ‘ரன்னிங் மேட்’ம்பாங்க. அது குதிரைப் பந்தய சொல். ஒரே லாயத்து குதிரை ரெண்ட இறக்கி, ஒண்ணு வேகத்த கூட்டிக் குடுக்க இன்னொண்ணு ஜெயிக்கும், கூட ஓடற குதிரைக்கு அந்தப் பேர். 2020-ல ஜோ பைடனோட ரன்னிங் மேட் கமலா ஹாரிஸ். அவங்க அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையில பொறந்தவங்க, தாத்தாவோட பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். அப்ப அந்த ஊர்ல பேனர் கட்டி, கோயில்ல அபிஷேகம் பண்ணி, நம்ம ஊரு பொண்ணு அமெரிக்கா எலெக்ஷன்ல நிக்குதுன்னு பேசுனாங்க. அங்க ஓடினவங்க மன்னார்குடி பக்கம் வந்ததும் நின்னுட்டாங்க.

அடுத்து கம்பெனி நடத்துறது. ‘ஐ ரன் எ கம்பெனி’. மொழிபெயர்ப்பு வேலை பண்றவங்க இந்த வாக்கியத்துல கொஞ்சம் தடுமாறித் தான் ஆகணும், ஏன்னா தமிழ்ல ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் மரியாதை வேற வேற. நடத்துறதுன்னா கௌரவம். ஸ்கூல் நடத்துறாரு, பத்திரிகை நடத்துறாரு, கல்யாண மண்டபம் நடத்துறாரு. ஓட்டறதுன்னா இழுபறி. “எப்படி இருக்கீங்கண்ணே?” “ஏதோ ஓட்டிட்டு இருக்கேன்ப்பா.” அதே கடை தான், அதே முதலாளி தான், தன்ன பத்தி சொல்லிக்கும்போது ஓட்டறாரு, அவர பத்தி அடுத்தவங்க சொல்லும்போது நடத்துறாரு. வியாபாரம் ரொம்ப படுத்துட்டா கடையையும் ஓட்டறதில்ல, ஈ தான் ஓட்டறாரு. இங்கிலீஷ் ‘ரன்’னுல இந்த ஏத்த இறக்கம் எதுவும் இல்ல, டீ ஸ்டால் வெச்சவனும் ‘ரன்’, டாட்டாவும் ‘ரன்’. இங்கிலீஷ் சப்டைட்டில தமிழ்ல மாத்தறப்ப ஹீரோ நடத்துறானா ஓட்டறானான்னு நாமளே முடிவு பண்ணணும், முழு கதையும் தெரியாம அத முடிவு பண்ண முடியாது. கூடவே தமிழ் ‘ஓட்டு’க்குன்னு தனி சேட்டை உண்டு, “என்ன ஓட்டாத”ன்னா கலாய்க்காத, “ரீல் ஓட்டாத”ன்னா அளக்காத. இதெல்லாம் அந்த 645-ல இல்ல.

படம் ஓடறதுல ரெண்டு பேரும் ஒண்ணு. அகதா கிறிஸ்டி எழுதின ஒரு நாடகம் லண்டன்ல 1952-ல ஆரம்பிச்சது, 2020-ல கொரோனா வந்து நிறுத்தற வரைக்கும் விடாம ஓடிச்சு, மறுபடி இப்பவும் ஓடுது. நம்ம பக்கம் பாகவதர் படம் ஒண்ணு 1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டர்ல வந்து மூணு தீபாவளி பாத்துச்சு. ஆனா காதலர்கள் ஓடிப்போறதுல ஒரு சின்ன வருத்தம் எனக்கு. சங்கப் பாட்டுல அதுக்கு உடன்போக்குன்னு பேரு, கூடப் போறதுன்னு எவ்ளோ பதமா இருந்துச்சு. இப்ப ஓடிப்போயிட்டாங்க, ஓடுகாலி. சொல்லுலயே போலீஸ் துரத்துது.

யாருமே ஓடாத ‘ரன்’ கொஞ்சம் இருக்கு, அத சொல்லாம விட்டா கிரிக்கெட் பாக்கற ஊருக்கு மரியாதை இல்ல. பேட்ஸ்மேன் பவுண்டரி அடிக்கிறான், நின்ன இடத்துல கிளவுஸ சரி பண்ணிக்கறான், பந்து தான் ஓடுது, அவன் கணக்குல நாலு ரன். தமிழ் பேப்பர் அத இன்னும் நேரடியா ‘4 ஓட்டங்கள்’னு போடும், ஓடாம எடுத்த ஓட்டம். ஆரம்ப காலத்துல கிரிக்கெட்ல இத ரன்னுன்னு மட்டும் இல்ல, ‘நாட்ச்’னும் சொன்னாங்க, குச்சியில கத்தியால வெட்டி கணக்கு வெச்சதால வெட்டுக்கு ஒண்ணு. பால்காரர் கணக்கு சுவத்துல கோடு போட்ட மாதிரி. அந்தப் பேரு நிலைச்சிருந்தா பவுண்டரிக்கு நாலு வெட்டுன்னு கமெண்ட்ரி குடுத்திருப்பாங்க, உண்மைக்கும் கொஞ்சம் பக்கத்துல இருந்திருக்கும்.

‘பேங்க் ரன்’னும் அப்படி ஆயிடுச்சு. பேங்க் மூழ்கப்போகுதுன்னு வதந்தி வந்ததும் ஜனம் பாஸ்புக்க எடுத்துட்டு நிஜமாவே ஓடினதால வந்த பேரு அது. 2007-ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல ஜனங்க வரிசை கட்டினாங்க, அப்ப கூட நின்னாங்களே தவிர ஓடல. 2023 மார்ச் 9-ம் தேதி அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்ல இருந்து ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர எடுக்கப் பாத்தாங்க, பெரும்பாலும் போன்லயும் லேப்டாப்லயும் தட்டித் தான். மறுநாள் பேங்க இழுத்து மூடியாச்சு. வரலாறு காணாத ஓட்டம், ஒருத்தருக்கும் மூச்சு வாங்கல.

இப்ப நம்ம தயாரிப்புக்கு வருவோம். தமிழ்ல ‘ரன்’ன விட ‘ரன்னிங்’ தான் ஜாஸ்தி புழங்குது. ஸ்போர்ட்ஸ் டேவுல ரன்னிங் ரேஸ், ரேஸ்னாலே ஓடறது தானன்னு கேக்கப்படாது. ஓடற பஸ்ல ஏறறவன் ரன்னிங்ல ஏறறான். பழைய வண்டி விக்கறவர் ரன்னிங் கண்டிஷன்ல இருக்குன்னு சத்தியம் பண்ணுவாரு, தள்ளிட்டு போற அளவுக்கு கண்டிஷன்னு வாங்கினப்புறம் தெரியும். வீடு கட்டினவங்களுக்கு ரன்னிங் ஃபீட் தெரியாம இருக்காது. தரைக்கும் சுவத்துக்கும் டைல்ஸ் சதுர அடி கணக்கு, ஸ்கர்ட்டிங், கைப்பிடி, கிரானைட் ஓரம் தேய்க்கறது எல்லாம் ரன்னிங் ஃபீட் கணக்கு, ரெண்டையும் குழப்பிட்டா கொத்தனார் இல்ல, நம்ம பாக்கெட் தான் ஓடும். கவர்மென்ட் கான்ட்ராக்ட் எடுக்கறவங்களுக்கு ரன்னிங் பில், வேலை முடியற வரை காத்திருக்காம முடிஞ்ச வரைக்கும் அளந்து வாங்கற காசு. இதெல்லாம் சுத்தமான இங்கிலீஷ் தான், நீண்டு போற, தொடர்ந்து போற அர்த்தத்துல வந்த ‘ரன்’. ஆனா ஷேக்ஸ்பியர் படிச்ச புரொஃபசர விட மேஸ்திரிக்கு இது நல்லா தெரியும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ரயில்வேயோடது. லோகோ பைலட்னு சொல்ற இன்ஜின் டிரைவர், கார்டு (2022-ல இருந்து அவருக்கு ட்ரெய்ன் மேனேஜர்னு பேரு) இவங்க எல்லாம் ரன்னிங் ஸ்டாஃப். அவங்களுக்கு ரன்னிங் அலவன்ஸ், ஓட்டின கிலோமீட்டர் கணக்குல வரும். ராத்திரி முழுக்க கூட்ஸ் ஓட்டிட்டு வேற ஊர்ல இறங்கினா தங்கறதுக்கு ஒரு கட்டடம் இருக்கு, கட்டில், கொசுவலை, மெஸ், சத்தம் போடாதீர்கள்னு போர்டு. அதுக்குப் பேரு ரன்னிங் ரூம். உள்ள எல்லாரும் குறட்டை விட்டு தூங்கிட்டு இருப்பாங்க.

கடைசியா அந்த ஒட்டுச்சொல் கூட்டம், ‘ரன்’னுக்கு பின்னாடி சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஆளயே மாத்திடும். இங்க ‘ஓடு’ உதவாது, ஒவ்வொண்ணா பழகிக்கணும். ‘ரன் இன்டு’ன்னா வழியில யதேச்சையா பாக்கறது, ‘ரன் ஓவர்’னா வண்டி ஏத்திடறது, வாத்தியார பாத்தேன்னு சொல்ல வந்து மாத்திப் போட்டா எஃப்ஐஆர் ஆயிடும். ‘ரன் டவுன்’னா பேட்டரி தீர்றது, இல்ல ஒருத்தர மட்டம் தட்டறது. ஆபீஸ்ல ‘லெட் மீ ரன் இட் பை மை மேனேஜர்’னு மெயில் வந்தா பெரியவர ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு அர்த்தம், அதாவது இன்னைக்கு நடக்காது. கவர்மென்ட் ஆபீஸ்ல இந்த டேபிளுக்கு போ அந்த டேபிளுக்கு போன்னு அலைய விட்டா அது ‘ரன்அரவுண்ட்’, இதுக்கு மட்டும் நம்ம ‘அலைக்கழிக்கிறது’ தான் ஒசத்தி, சொல்லும்போதே கால் வலிக்கும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, இது டெலிவரி மாறினா ஆபத்து. பேட்ஸ்மேன் ‘ரன்ஸ்’ எடுத்தான்னா கை தட்டலாம். அதுக்கு முன்னாடி ஒரு ‘தி’ சேத்து அவனுக்கு ‘தி ரன்ஸ்’னு சொல்லிட்டா அவன் கிரவுண்டுக்கு வரமாட்டான், பாத்ரூம்ல இருக்கான்னு அர்த்தம், வயித்தால போகுது. லண்டன்ல டாக்டர்கிட்ட போய் நம்ம ஊர் இங்கிலீஷ்ல ‘லூஸ் மோஷன்’னு சொன்னா அவர் ஒரு நிமிஷம் முழிப்பாரு, ‘தி ரன்ஸ்’னு சொன்னா உடனே ஓஆர்எஸ் எழுதிக் குடுத்துடுவாரு.